எதிரே உட்கார்ந்த பாட்டா: புனித வாரத்தில் பிள்ளைகளோடு ஓலைவேலை – ஒரு நிகழ்வு ஆய்வு

களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எங்கள் ஊர். 2025-இல் குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் வரை அங்குள்ள கோயில் வளாகத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கைவினை வகுப்பு நடத்தினோம். அந்த வகுப்பைப் பற்றியும், அதில் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு நடந்ததைப் பற்றியும் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் அங்கே மறைக்கல்வி டீச்சர். பிள்ளைகள் யாரென்று தெரிய வேண்டாம் என்பதால் ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

பிள்ளைகளோடு கைவேலை செய்கிற பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது என்று நம்புகிறேன். கெட்டுப்போனால் கவலைப்பட வேண்டாத பொருளைக் கையில் கொடுத்தால் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் அது.

ஊரும் வாரமும்

1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது; பாறசாலை கேரளத்தில் நின்றது. எல்லை வந்தாலும் உறவு அறுபடவில்லை. எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சித்தியோ மாமாவோ அந்தப் பக்கம் இருப்பார்கள். கேரளப் பள்ளிகளுக்கு மார்ச்சோடு விடுமுறை விட்டுவிட்டதால் அங்கிருந்து வந்த பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஆண்டுத்தேர்வு முடிந்திருக்கவில்லை. அதனால் வகுப்பை மாலையில்தான் வைத்தோம்.

அந்த ஆண்டு குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13. மறுநாள் சித்திரை ஒன்று, கேரளத்தில் விஷுப் புத்தாண்டு. ஈஸ்டர் ஏப்ரல் 20. கிழக்கத்தியத் திருச்சபைகளுக்கும் மேற்கத்தியத் திருச்சபைகளுக்கும் ஒரே நாளில் ஈஸ்டர் வந்த ஆண்டு அது. விஷுவுக்குக் கனி கண்டு கைநீட்டக் காசு வாங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்த வாரம் எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். யாரையும் தனியாக அழைக்கவில்லை. ஓலை கிழிக்கிற சத்தம் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

முந்தைய ஆண்டு நடந்தது

அதற்கு முந்தைய ஈஸ்டருக்கு, கடையில் வாங்கிய கைவினைப் பெட்டிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். பெட்டிக்குள் முயல் படம் அச்சடித்த அட்டை, பிளாஸ்டிக் முட்டை, மினுமினுப்புத் தூள், பசை. கோடு போட்ட இடத்தில் வெட்டி, எண் போட்ட இடத்தில் ஒட்ட வேண்டும்.

நான் சொல்லும் சிறுமி அன்றைக்கு முயலின் காதைக் கோடு தாண்டி வெட்டிவிட்டாள். ஒரு பிள்ளைக்கு ஒரு அட்டைதான். மாற்று அட்டை கேட்டபோது இல்லை என்றார்கள். அவள் அழவில்லை. கத்தரியை வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு மறைக்கல்வி நோட்டில் படம் வரையச் சொன்னாலும், வரைந்து அழித்து, மறுபடி வரைந்து அழித்து, தாள் கிழிந்ததும் நிறுத்திவிடுவாள்.

அவள் இடக்கைப் பழக்கக்காரி. சாதாரணக் கத்தரி வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. வலக்கையால் அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும். அதையே இடக்கையில் பிடித்து அழுத்தினால் அலகுகள் விலகும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கும். வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். அவள் கோடு தாண்டியதற்குக் கவனக்குறைவு காரணமில்லை. கோடு அவள் கண்ணுக்கே தெரிந்திருக்காது. வீட்டிலோ “சோத்தாங்கையால செய்யி பிள்ளே” என்று அம்மச்சி (பாட்டி) கையை மாற்றிவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஓலை எங்கிருந்து

2025-இல் பெட்டி வேண்டாம், ஓலையே போதும் என்று முடிவானது. உடனே ஒரு சிக்கல் வந்தது. பவனியில் பிடித்த மந்திரித்த (குருவானவர் ஆசீர்வதித்த) குருத்தோலையை விளையாட்டுப் பொருளாக்கிக் காலில் மிதிபட விடக்கூடாது என்று சில தாய்மார் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்த ஓலையைச் சிலுவையாக மடித்துத் திருப்படத்துக்குப் பின்னால் செருகி வைப்பதும், அடுத்த சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் சேகரித்து எரித்து அந்தச் சாம்பலையே நெற்றியில் இடுவதும் தலைமுறை தலைமுறையாக நடப்பது. சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழன் அன்று செய்யும் புளிக்காத பெசகா அப்பத்தின் மேல் அந்த ஓலைச்சிலுவையைத்தான் வைப்பார்கள்.

ஆகவே மந்திரித்த ஓலையைத் தொடவில்லை. தேங்காய் வெட்ட ஏறுபவர் மரத்தின் மண்டையைச் சுத்தம் செய்யும்போது கீழே தள்ளும் பச்சை மடலை எடுத்துக்கொண்டோம். குருத்தைவிடப் பச்சை ஓலை கொஞ்சம் விறைப்பு, ஆனால் தென்னைக்குக் கேடில்லை. தென்னைக்கு வளரும் முனை ஒன்றுதான். குருத்து எடுக்கிறேன் என்று மண்டையைக் காயப்படுத்தினால் மரமே போய்விடும். பவனிக்கு மரம் மரமாகக் குருத்து வெட்டுகிற ஊர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஒரு மடலில் நூற்றுக்கணக்கில் ஓலைக்கால் (தனித்தனி ஓலை) இருக்கிறது. இது முக்கியம், பின்னால் திரும்பவும் வருகிறேன். ஈர்க்கு கிழிக்கிற வேலையைப் பெரியவர்களே செய்தோம். ஓலையின் விளிம்பு விரலை அறுக்கும். கிழித்த ஓலையை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மறுநாளும் மடங்கும்.

எதிரே உட்கார்ந்தபோது

ஓலைவேலை சொல்லித்தர ஊரிலுள்ள ஒரு பாட்டா (தாத்தா) வந்தார். பனையேற்றுக் குடும்பம். கடகமும் பெட்டியும் முடைந்த கை. முதலில் பந்து. ஈர்க்கு நீக்கிய இரண்டு ஓலைக்காலிலிருந்து நான்கு நாடா. இரண்டு விரலில் சுற்றி, ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று கோத்து இழுத்தால் கட்டம் கட்டமாக ஒரு பந்து. பேருக்குத்தான் பந்து, ஆறு முகமுள்ள கனசதுரம் அது. உள்ளே ஒரு சிறு கல்லைப் போட்டால் கிலுகிலுக்கும்.

பிள்ளைகள் பாட்டாவின் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துச் செய்தார்கள். அந்தச் சிறுமிக்கு வரவில்லை. கையை மட்டும் அவள் மாற்றிப் பிடித்தாள். நாடாவை விடும் திசையை அவரிடம் பார்த்தபடியே விட்டாள். இரண்டும் கலந்ததில் கோப்பு நடுவழியில் முட்டி நின்றது. பிரித்தாள். மறுபடி கோத்தாள். மறுபடி முட்டியது. இந்த முறை அவள் கையை மடியில் போடவில்லை. கசங்கிய ஓலையை எறிந்துவிட்டுச் சாக்கிலிருந்து புதிதாக ஒன்றை உருவினாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. முந்தைய ஆண்டு அவளுக்குக் கிடைக்காத மாற்று அட்டை, ஒரு சாக்கு நிறைய அங்கே கிடந்தது.

பாட்டா கொஞ்சநேரம் அவள் கையையே பார்த்தார். “எனக்க முன்னால வந்து இரி மக்களே” என்றார். அவள் எழுந்துபோய் அவருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் வலக்கையால் நாடாவை வெளிப்பக்கம் இழுத்தபோது, எதிரே அவளுடைய இடக்கை அதே பக்கம் இழுத்தது. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இரண்டு பேர் கையும் சேர்ந்து நகர்ந்தன. எதையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லாமல் போயிற்று. பந்து முடிந்தது. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, அவ்வளவுதான். ஓலை காயும்போது சுருங்குவதால் எல்லாப் பந்தும் மறுநாள் தளரத்தான் செய்யும். எல்லோரும் இரண்டாம் நாள் உட்கார்ந்து இழுத்து இறுக்கினார்கள்.

வலக்கைக்காரர் இடக்கைப் பிள்ளைக்குச் சொல்லித்தர எதிரே உட்கார வேண்டும் என்பதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பாட்டாவிடம் கேட்டேன். அவருடைய தங்கச்சி இடக்கையாம், அம்மை பெட்டி முடையும்போது அவளை எதிரே இருத்தித்தான் பழக்கினாளாம்.

மறித்துச் சுற்றிய காற்றாடி

அடுத்து காற்றாடி. நான்கு ஓலை நாடாவைப் பாதியாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் இன்னொன்றை நுழைத்து, நான்கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். நடுவில் சதுரமாக முடிச்சு விழும், நான்கு கை நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஈர்க்கைச் செருகி ஓடினால் சுற்றும்.

கோயில் முற்றத்தில் எல்லோரும் ஓடினார்கள். கேரளப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன்தான் முதலில் பார்த்தான். “டீச்சர், இவளுக்க காத்தாடி மறிச்சுச் சுத்துது!”

உண்மைதான். எதிரே இருந்து கண்ணாடிபோல மடித்ததால் அவள் காற்றாடியின் முடிச்சே எதிர்ப்புறமாக விழுந்திருந்தது. காற்று அடிக்கிற பக்கம் ஒன்றுதான், மற்றவை எல்லாம் ஒரு பக்கம் சுற்ற, அவளுடையது மறுபக்கம் சுற்றியது.

முதலில் அவள் முகம் சுருங்கியது. தப்பாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனால் பிள்ளைகள் அதைத் தப்பாக எடுக்கவில்லை. எல்லோருக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்கள். அந்தப் பையன் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவள் செய்வதைப் பார்த்துச் செய்தான். அவனுக்கு வந்ததோ சாதாரணக் காற்றாடி. மறுபடி செய்தான். அதேதான் வந்தது. ஒரே களேபரம். நானும் பாட்டாவும் பதில் சொல்லாமல் இருந்தோம், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு சின்னப் பெண் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவள் கை போகிற திசையிலேயே தன் கையையும் விட்டபோது, மறித்துச் சுற்றும் காற்றாடி இரண்டாவதாக ஒன்று வந்தது. எதிரே இருந்தால் ஒன்று, பக்கத்தில் இருந்தால் இன்னொன்று என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். விஷு கொண்டாடிய வீட்டுப் பையன் ஒருவன் இரண்டு வகையையும் ஒரே ஈர்க்கில், நடுவே ஒரு ஓலைச்சுருளை வைத்துக் கோத்தான். முன்னால் உள்ளது ஒரு பக்கமும் பின்னால் உள்ளது மறுபக்கமும் சுற்றின. பாடப்புத்தகத்தில் ‘பிம்பம் இடவலமாகத் தோன்றும்’ என்று ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயம், அன்று மாலை முழுக்க அவர்கள் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று முதல் அந்தச் சிறுமியிடம் கேட்டு வருவோர் கூடினார்கள். “பக்கத்துல இரி, முன்னால இரிக்காத” என்று அவளே சொல்லிக்கொடுத்தாள்.

சிரட்டைக் கல்லறையும் நுங்குக் கல்லும்

பெரிய வியாழன் அன்று கல்லறைத் தோட்டம் செய்தோம். பழைய மண்சட்டியில் மண்ணைக் கொட்டி, பாதிச் சிரட்டையை வாய் முன்னால் பார்க்கும்படி நிறுத்தி, மேலே மண் பூசினால் குகை. வாயை மூட உருண்டைக் கல் வேண்டும். நுங்கு தொடங்கிவிட்ட நேரம், தின்று முடித்த கூந்தலை (நுங்கின் வெளிக்கூட்டை) எடுத்துக்கொண்டார்கள். சிரட்டை வாயைவிட அது அகலம், அழகாக மூடியது, உருட்டவும் முடிந்தது. மாற்கு நற்செய்தியில் விடியற்காலையில் போகும் பெண்கள் ‘கல்லை யார் நமக்குப் புரட்டுவார்’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் கல்லை உருட்டி விளையாடினார்கள். மீதிக் கூந்தலில் நுங்குவண்டி செய்து முற்றத்தில் ஓட்டினார்கள், அதற்குச் சொல்லித்தர ஆளே தேவைப்படவில்லை.

சட்டியைச் சுற்றிலும் முட்டை ஓடுகள். வீட்டில் ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது மேலே மட்டும் சிறிதாக உடைக்கச் சொல்லி, கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்த ஓடுகள். குருத்தோலை ஞாயிறன்றே அவற்றில் மண் நிரப்பி வெந்தயம் தூவியிருந்தோம். வெந்தயம் நாலு நாளில் தலைகாட்டிவிடும், ஈஸ்டருக்குப் பச்சையாக நிற்கும். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி யோவான் நற்செய்தியில் வரும் வசனத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பெரிய வெள்ளியன்று வேலை எதுவும் இல்லை.

முட்டைச் சாயம்

தவக்காலத்தில் முட்டையை விலக்கிய பழைய நாட்களில் கோழி இட்ட முட்டையெல்லாம் சேர்ந்துபோகும், நோன்பு முடிந்ததும் அதுதான் விருந்து. ஐம்பது நோன்பு பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. முயல் கதை 1682-இல் ஜெர்மன் மருத்துவர் ஒருவர் எழுதிய நூலில் வருகிறது. எங்கள் வகுப்பில் அதற்கு இடம் தேவைப்படவில்லை.

பெரிய சனியன்று நாமக்கல் வெள்ளை முட்டைகளை அவித்து எடுத்தோம். நாட்டு முட்டையின் ஓடு பழுப்பு என்பதால் சாயம் மங்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி மஞ்சள்தூளைக் கொதிக்கவைத்து, 2 மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் நல்ல மஞ்சள். வினிகர் ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரித்துச் சாயம் பிடிக்க வழிசெய்கிறது. வெங்காயத் தோலோடு சேர்த்து வேகவைத்தால் செம்பழுப்பு. முருங்கை இலையை முட்டையில் ஒட்டவைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி வெங்காயத் தோலில் வேகவைத்தால், அவிழ்க்கும்போது இலையின் வடிவம் வெள்ளையாக நிற்கும். எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. சங்குப்பூ நீலம் தந்தது, வினிகர் கூடிய கிண்ணத்தில் ஊதாவானது.

கேரள வீடுகளில் குடிதண்ணீரில் போடும் பதிமுகம் என்ற மரச்சீவலைப் பாறசாலைப் பக்கத்து மாமி ஒருவர் கொண்டுவந்தார். அதற்கு மட்டும் வினிகர் கூடாது. புளிப்பு பட்டால் சிவப்பு போய் மஞ்சளாகிவிடும். வினிகர் இல்லாமல் போட்டால் அருமையான இளஞ்சிவப்பு.

மெழுகுவர்த்தியால் ஓட்டில் கோலம் போட்டு, பிறகு சாயத்தில் விட்டால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். உக்ரைனியர்களின் முட்டை ஓவியம் இந்த முறையில் வளர்ந்த கலைதான். சாயம் ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். நான் சொல்லிவரும் சிறுமி மெழுகால் தன் காற்றாடியை வரைந்தாள். வெள்ளை ஓட்டில் வெள்ளை மெழுகு, வரைவது கண்ணுக்கே தெரியாது. அழிக்கவும் முடியாது. அவள் அழிக்க முயலவும் இல்லை.

கவனத்துக்கு

ஓலைக்கிளிக்குக் கண் வைக்கக் குன்றிமணி ஒட்டும் வழக்கம் இங்கே உண்டு. அது வேண்டவே வேண்டாம். குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் மிளகு ஒட்டினோம். ரப்பர் தோட்டத்தில் பொறுக்கும் ரப்பர்க்குரு (ரப்பர் விதை) பம்பரம் செய்ய நன்றாக இருக்கும், ஆனால் அதன் பருப்பிலும் சயனைடு தரும் பொருள் உண்டு, பச்சையாக வாயில் போடக்கூடாது. சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எந்த விதையையும் வைக்காதீர்கள். சாயம் போட்ட அவித்த முட்டையை ஏப்ரல் வெயிலில் 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் தின்னக் கொடுக்க வேண்டாம். மறுநாள் தின்ன வேண்டியதை உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஏன் இப்படி நடந்தது

அதே பிள்ளை, அதே பண்டிகை. முந்தைய ஆண்டு கையை மடக்கிக்கொண்டவள் 2025-இல் சொல்லிக்கொடுத்தாள். பாட்டாவின் அனுபவம் ஒரு காரணம். ஆனால் அவர் அவள் கையைக் கவனிக்கும்வரை அவள் முயன்றுகொண்டே இருந்தாளே, அதற்கு ஓலைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு மடலில் நூற்றுக்கணக்கில் ஓலைக்கால். கெட்டால் எறியலாம், பிரிக்கலாம், மாட்டுக்குப் போடலாம். விலைகொடுத்து வாங்கிய ஒற்றை அட்டையில் முதல் பிழையே கடைசிப் பிழை, அதற்குமேல் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு வேறுபாடு: பெட்டிப் பொருளில் சரியான வடிவம் ஒன்றுதான், அட்டைப்படத்தில் இருப்பது. வேறு மாதிரி வந்தால் அது தவறு. காற்றாடிக்கு அப்படிப் படமில்லை. சுற்றினால் சரி, மறித்துச் சுற்றினாலும் சரி. அவளுடைய இடக்கை அங்கே குறையாகத் தெரியாமல், வேறு யாராலும் சுலபமாகச் செய்ய முடியாத ஒன்றைச் செய்கிற கையாகிவிட்டது. அதைப் பார்த்தபின் அம்மச்சி கையை மாற்றச் சொல்வதை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். இன்னும் விடவில்லை. “எழுத்து மட்டும் சோத்தாங்கையால எழுதட்டும்” என்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பில் இப்போது பாயை இரண்டு வரிசையாக எதிரெதிரே போடுகிறோம். யாருக்கு எங்கே உட்கார்ந்தால் வருகிறதோ அங்கே மாறிக்கொள்ளலாம். இடக்கைக்கென்று செய்த கத்தரியும் வாங்கி வைத்திருக்கிறோம். 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, அதற்குள் எங்கள் பக்கம் நுங்கு வெட்டத் தொடங்குவார்களா என்பது சந்தேகம். கல்லறைக் கல்லுக்குப் பனைமட்டையின் அடியை வட்டமாக அறுத்துத் தருவதாகப் பாட்டா சொல்லியிருக்கிறார். சிரட்டைகளை இப்போதே சேர்த்துவைக்கத் தொடங்கிவிட்டோம்.